பதினாறு வயதுக்காரருக்கு அப்பிள் படம் வேண்டாம்

கேள்வி: வணக்கம் அக்கா. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஈஎஸ்எல், அதாவது இங்கிலிஷை இரண்டாம் மொழியாகப் படிப்பிப்பதற்கான மேலதிகத் தகுதிப் பயிற்சியின் முதற்பகுதியைக் கோடையில் ஒன்லைனில் முடித்தேன். முடித்ததுதான் பிழை, செப்டெம்பரில் ஈஎஸ்எல் ‘ஏ’ என்ற ஆகத் தொடக்க வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். 23 பிள்ளைகள், 14 வயதிலிருந்து 18 வரை. ஆப்கானிஸ்தான், சிரியா, எரித்திரியா, பிலிப்பைன்ஸ், எங்கட ஆட்கள் மூன்று பேர். ஏபிசி, நிறங்கள், பழங்கள் என்று வேர்க்ஷீட் கொடுக்கிறேன், ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்குத் தங்கள் மொழியிலேயே எழுதத் தெரியாது. ஒரு பிள்ளை வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பக்கத்தில் இருப்பவனின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறான். கணக்கில் கெட்டிக்காரன் என்று தாய் சொல்லும் தமிழ்ப் பெடியன் கணக்கு ரெஸ்ற்றில் 38. அவனோடு தமிழில் கதைக்கலாமா? ‘இந்த வகுப்பில் இங்கிலிஷ் மட்டும்’ என்று எங்கள் பகுதியில் ஒரு மூத்தவர் சொல்கிறார். சரித்திர ஆசிரியரோ ‘முதலில் இங்கிலிஷைப் படிப்பித்துவிட்டு அனுப்புங்கள்’ என்கிறார். எங்கே தொடங்குவது? — ஸ்காபரோவிலிருந்து ஒரு ஆசிரியை

தங்கச்சிக்கு,

முதலில் அந்தப் பழங்களைக் குப்பையில் போடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். 1991 இல் நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு 17 வயது. ஊரில் உயர்தரம் தொடங்கி ஆறு மாதம், இரசாயனத்தில் மோல் கணக்குச் செய்துகொண்டிருந்தவள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் நாள் என் முன்னால் வைத்தது ஒரு அப்பிள் படமும் ஒரு சிவப்புக் கிறெயோனும். அந்த ஆசிரியை நல்லவர், சிரித்த முகம். நானும் சிரித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம் தீட்டிக் கொடுத்தேன், அவர் ‘குட் ஜொப்’ என்றார், நான் வோஷ்றூமுக்குப் போய் அழுதேன். அப்பிளுக்கு இங்கிலிஷில் என்ன சொல்லுவது என்று யாழ்ப்பாணத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். எனக்குத் தெரியாதிருந்தது ‘இந்தக் கணக்கை எனக்குச் செய்யத் தெரியும், ஆனால் கேள்வி விளங்கவில்லை’ என்று எப்படிச் சொல்வது என்பது. அதை யாரும் படிப்பிக்கவில்லை.

பிறகு நானே 22 வருடம் ஈஎஸ்எல் படிப்பித்தேன், என் முதல் வருடத்தில் நானும் பழம் படம் கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் வேறொன்றும் இல்லாவிட்டால் அதுதான் வரும். உங்கள் வகுப்பில் சுவரைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ்தான் குறைவு, யோசனை குறைவில்லை. எல்லையைக் கடந்து வந்தவர்கள், தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவர்கள், வீட்டு வாடகை எவ்வளவு என்று தெரிந்தவர்கள். சொல்லைக் குறையுங்கள், விஷயத்தைக் குறைக்காதீர்கள். இதை வாயால் சொல்வது சுகம், செய்வது எப்படி என்று என் வகுப்பில் நடந்த ஒன்றைக் கொண்டு காட்டுகிறேன்.

பத்தாம் வகுப்புச் சரித்திரத்தில் கொமகட்டா மாரு கப்பல் வரும். 1914 மே மாதம் பஞ்சாபிகள் 376 பேரோடு வன்கூவர் துறைமுகத்துக்கு வந்த கப்பல். பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வந்தால்தான் இறங்கலாம் என்று 1908 இல் போட்டு வைத்த ஒரு சட்டத்தைக் காட்டி, முன்பே இங்கு குடியிருந்த சிலரைத் தவிர மற்றவர்களை இறங்க விடாமல் இரண்டு மாதம் கடலில் வைத்துவிட்டு யூலையில் திருப்பி அனுப்பினார்கள். 2016 இல் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாடப் புத்தகத்தில் இது இருக்கிற பக்கம் ‘ஏ’ வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க முடியாதது. ஆனால் படம் இருக்கிறதே. தலைப்பாகை கட்டிய ஆண்கள் கப்பலின் தட்டு நிறைய நிற்கும் படம்.

அதைத் திரையில் பெரிதாகப் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். ‘என்ன தெரிகிறது?’ ஒரு சொல் போதும், எந்த மொழியிலும் சொல்லலாம். ‘மேன்’ என்றது ஒரு குரல். ‘ஷிப்’. ‘வோட்டர்’. ஒரு ஆப்கான் பெடியன் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு ‘அவர்கள் எங்கள் ஆட்களா’ என்று தன் டாரி மொழியில் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான், அவன் அதை அரைகுறை இங்கிலிஷில் என்னிடம் கேட்டான், இல்லை பஞ்சாபிகள் என்று வரைபடத்தில் காட்டினேன். வந்த ஒவ்வொரு சொல்லையும் படத்தின் மேலேயே கோடு இழுத்து எழுதினேன், எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள், கொப்பியில் எழுதி அதன் பக்கத்தில் தங்கள் மொழியில் அந்தச் சொல்லை எழுதினார்கள். இருபது நிமிடத்தில் 18 சொல். பிறகு சட்டத்தையும் தேதிகளையும் நாலு சின்ன வசனத்தில் சொன்னேன், கைகளால், வரைபடத்தால், கலண்டரால். அப்போது அந்த ஆப்கான் பெடியன், மூன்று வாரமாக என்னோடு ஒரு சொல் இங்கிலிஷில் கதைக்காதவன், ‘ஒய்?’ என்றான்.

அந்தக் கேள்வி பழப் படத்திலிருந்து ஒருநாளும் வராது. ‘ஒய்’ என்று கேட்டவனுக்குப் பதில் சொல்ல ‘பிகோஸ்’ வேண்டும், அதனால் அன்று ‘பிகோஸ்’ படிப்பித்தேன். பலகையில் பாதி வசனம் எழுதி வைத்தேன்: ‘தே குட் நொட்’ — இடைவெளி — ‘பிகோஸ்’ — இடைவெளி. இரண்டு இரண்டு பேராக நிரப்ப வேண்டும். ஒரு சோடி ‘தே குட் நொட் லீவ் ஷிப் பிகோஸ் லோ இஸ் பாட்’ என்று எழுதியது. பிழையா? இலக்கணத்தில் ஓட்டை இருக்கிறது, சரித்திரத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. நான் ஒன்றே ஒன்றைத்தான் தொட்டேன், ‘பாட்’ என்பதற்குப் பதிலாக ‘அன்ஃபெயர்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். அடுத்த கிழமை வீட்டுவேலை கொடுத்தபோது 19 பேரும் ‘மிஸ், அன்ஃபெயர்!’ என்றார்கள். அந்தச் சொல்லை இனி யாரும் அவர்களிடமிருந்து பறிக்க முடியாது.

அதே படம் மூன்று நாள் ஓடும். முதல் நாள் சொல், இரண்டாம் நாள் அந்தச் சொற்களை வகை பிரித்தல், மூன்றாம் நாள் வசனங்களைச் சேர்த்து வகுப்பே எழுதிய ஒரு பந்தி. அவர்கள் வாசிக்கும் முதல் பந்தி அவர்கள் சொன்ன சொற்களாலேயே ஆனதாக இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: ‘நீ எப்படி வந்தாய்’ என்று மட்டும் கேட்காதீர்கள். யாராவது தானாகச் சொன்னால் கேட்கலாம். கப்பலைப் பற்றிக் கதைப்பதில் இருக்கும் நன்மை, அது வேறு யாருடையதோ கப்பல் என்பதுதான்.

சரி, இனி உங்கள் சரித்திர ஆசிரியர். ‘முதலில் இங்கிலிஷ், பிறகு பாடம்’ என்பது காதுக்கு நியாயமாகத்தான் கேட்கும். இந்த ஊரிலேயே, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் கமின்ஸ் என்ற பேராசிரியர், ரொறன்ரோ பள்ளிச் சபையின் தரவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து 1981 இல் எழுதியது இன்றைக்கும் நிற்கிறது: வந்த பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு வருடத்தில் ஊர்க்கதை கதைக்கப் பழகிவிடுவார்கள், ஆனால் பாடப் புத்தக இங்கிலிஷில் இங்கே பிறந்த பிள்ளைகளின் மட்டத்தை நெருங்க ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும். உங்கள் 16 வயதுப் பிள்ளைக்கு ஏழு வருடம் எங்கே இருக்கிறது? எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 21 வயது வரைதான் பகல் பள்ளியில் இருக்கும் உரிமை. ஆகவே காத்திருக்க நேரமில்லை, பாடமும் மொழியும் ஒரே வண்டியில்தான் போக வேண்டும். இதை அவரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள், ஆசிரியர் அறையில் வாதத்தால் யாரும் மாறி நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் ‘அடுத்த கிழமை எந்தப் பாடம், எந்தப் பத்துச் சொல் இல்லாமல் அது விளங்காது’ என்று கேளுங்கள். அந்தப் பத்தை நீங்கள் முன்கூட்டியே படிப்பித்து அனுப்புங்கள். ஒருநாள் அவர் வகுப்பில் உங்கள் பிள்ளை கை உயர்த்தும், அதற்குப் பிறகு அவரே உங்களைத் தேடி வருவார். பாடச் சொற்களோடு ரெஸ்ற்றில் வரும் கட்டளைச் சொற்களையும் சேருங்கள், ‘டிஸ்கிறைப்’, ‘கொம்பெயர்’, ‘எக்ஸ்பிளெய்ன்’. விடை தெரிந்தும் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் சைபர் வாங்கிய பிள்ளைகள் எனக்கு நிறையப் பேர்.

அந்த 38 வாங்கிய பெடியனுக்கு வருவோம். எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான். அவன் ரெஸ்ற்றை எடுத்து வைத்துப் பார்த்தால், எண்கள் மட்டும் இருந்த கணக்குகள் அத்தனையும் சரி, வசனமாக வந்தவை அத்தனையும் பிழை. ஒன்று இப்படி: ‘ஃபிஃப்ரீன் லெஸ் தான் எ நம்பர்’. அவன் எழுதியது 15 − x. இடமிருந்து வலமாக, சொல்லுக்குச் சொல், 15, குறைவு, ஒரு எண். நான் அதைத் தமிழில் சொன்னேன்: ‘ஒரு எண்ணை விடப் பதினைந்து குறைவு’. வாய் மூடவில்லை, x − 15 என்று எழுதிவிட்டான். தமிழில் அந்த எண்தான் முதலில் வருகிறது, கழிப்பது பின்னால் வருகிறது, எழுதும் ஒழுங்கும் அதுவே. அவனுக்கு அல்ஜீப்ரா தெரியும், இங்கிலிஷ் அதைத் தலைகீழாகச் சொல்கிறது என்பதுதான் தெரியாது. இதை இங்கிலிஷ் மட்டும் வைத்து விளக்கப் போயிருந்தால் ஒரு கிழமை போயிருக்கும், அதற்குள் அவன் தன்னை மொக்கன் என்று முடிவு கட்டியிருப்பான்.

ஆகவே, கதையுங்கள், தாராளமாகக் கதையுங்கள். ‘இங்கிலிஷ் மட்டும்’ என்பவரிடம், ஒன்ராறியோ கல்வி அமைச்சு 2007 இல் வெளியிட்ட ஈஎஸ்எல் கொள்கை ஆவணத்தை எடுத்துக் காட்டலாம், மாணவரின் முதல் மொழியைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவதை அது கற்பிக்கும் உத்திகளில் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் ‘திட்டமிட்டு’ என்பதைக் கவனியுங்கள். நாற்பது நிமிடமும் நீங்களும் மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தால் எரித்திரியப் பிள்ளை என்ன நினைக்கும்? என் பழக்கம், முட்டுப்பட்ட இடத்தில் ஒரு நிமிடம் தமிழ், விளங்கியதும் அதையே இங்கிலிஷில் எனக்குச் சொல்ல வேண்டும். மற்ற மொழிக்காரருக்கும் அதே ஒரு நிமிடம் உண்டு. ஒரே மொழிக்காரர் இரண்டு பேரைப் பக்கத்தில் இருத்துவது, வாசிக்க முதல் தங்கள் மொழியில் விஷயத்தைக் கதைக்க விடுவது, எழுத முதல் தங்கள் மொழியில் குறிப்பெடுக்க விடுவது. எரித்திரியப் பிள்ளைகளின் திக்ரின்யா மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, அது தடையாகவும் இருக்கவில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்தால் விஷயம் ஓடுகிறதா வேறு கதை ஓடுகிறதா என்று தெரியும். (பாதி நேரம் வேறு கதைதான். இங்கே பிறந்த பிள்ளைகளும் அப்படித்தான்.)

போன் மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். தனிச் சொல்லுக்கு, சின்ன வசனத்துக்கு விடுங்கள். முழுப் பந்தியைத் தங்கள் மொழியில் எழுதி இங்கிலிஷாக்கிக் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள், ஆனால் திட்டவும் வேண்டாம், ‘இதில் எந்த வசனத்தை நீ எனக்கு வாயால் சொல்லுவாய்’ என்று கேளுங்கள். இரண்டு வசனம் சொன்னால் அந்த இரண்டுக்குத்தான் புள்ளி.

இனிப் பிழைகள். எல்லாவற்றையும் சிவப்பால் வெட்டினால் அடுத்த முறை மூன்று சொல்தான் எழுதுவார்கள். எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே ஆத்திரம் வராது. ‘ஐ ஸ்ரூடன்ற்’ என்று அரபுப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மாதிரிச் சொல்லும், ஏனென்றால் இரண்டு மொழியிலும் ‘நான் மாணவன்’ என்றால் போதும், நடுவில் இங்கிலிஷ் ‘ஆம்’ (am) தேவையில்லை. பிலிப்பைன்ஸ் பிள்ளை தன் தாயை ‘ஹீ’ என்னும். தகாலொக்கில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், டாரியிலும் அப்படியே. அரபியில் p ஒலி இல்லை, b மட்டும்தான், ஆகவே பெப்சியின் p யும் பற்றரியின் b யும் அவர்கள் வாயில் ஒன்றுதான். எங்கட எழுத்திலோ இரண்டுக்கும் ஒரே ‘ப’, ஆகவே தமிழ்ப் பிள்ளை எழுத்துக்கூட்டும்போது தடுமாறும். ஆப்கான் பிள்ளை கணக்குக் கொப்பியில் சைபருக்குப் புள்ளி வைத்தால் அது கவனயீனமில்லை, அவர்கள் ஊர் எண்களில் சைபர் ஒரு புள்ளிதான். ஒரு கிழமைக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிழமை ‘ஆம், இஸ், ஆர்’ மட்டும், மற்றதைக் காணாத மாதிரி இருங்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வாய் திறக்காத பிள்ளையை விடுங்கள். விடுங்கள் என்றால் கைவிடச் சொல்லவில்லை, கதைக்கும்படி பிடிக்காதீர்கள் என்கிறேன். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு ஒருநாள் முழு வசனமாக வரும். அதுவரைக்கும் அவள் காதில் ஏறுகிறதா என்று பார்க்க வாய் தேவையில்லை: படத்தைத் தொடச் சொல்லுங்கள், அட்டைகளை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள், ஆம் இல்லை என்று அட்டை தூக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள், நாங்கள் எல்லோரும் இரண்டுக்குள்ளேயே அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறோம். அவளுடைய மொழி தெரிந்த ஒருவர் மூலம் வீட்டில் எப்படி என்று தாயிடம் கேளுங்கள். வீட்டில் வாயாடி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அங்கேயும் மௌனம் என்றால் வழிகாட்டல் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

எழுதத் தெரியாத இரண்டு பேரின் விஷயம் வேறு, இது அவசரம். இடையில் பள்ளிக்கூடம் தவறிப்போன பிள்ளைகளுக்கு இங்கே ஈஎல்டி என்று தனி வகுப்பு வரிசை இருக்கிறது, ஈஎஸ்எல் போலவே ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை. வந்தபோது செய்த மதிப்பீட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லி இந்தக் கிழமையே கேளுங்கள். உங்கள் பள்ளியில் ஈஎல்டி இல்லை என்று சொல்லக்கூடும், அப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதுவரை அவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கத்தான் வேண்டும், ஆனால் ‘ஏ ஃபோர் அப்பிள்’ வேண்டாம். ஒருவனுக்கு நான் பஸ்ஸிலும் சப்வேயிலும் தொடங்கினேன். கெனடி, வோர்டன், விக்ரோறியா பார்க். தினமும் காதால் கேட்கும் பெயர்கள், கண்ணால் பார்க்கும் பலகைகள். கெனடியில் ‘கே’, அவன் தம்பியின் பெயரிலும் ‘கே’, தக்காளிச் சோஸ் போத்தலில் ‘கெச்சப்’ இலும் ‘கே’ என்று அவனே கண்டுபிடித்தான். 17 வயதுப் பெடியன் பஸ் வழித்தட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுத்துப் படிப்பதைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ‘விளங்கிச்சா?’ என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் ‘யெஸ் மிஸ்’ என்றுதான் சொல்லும். ‘முதலில் என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேளுங்கள். காலையில் தூங்கி விழும் பெரிய பிள்ளைகளுக்கு ஏசும் முன் இரவில் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பெற்றோர் வந்தால் ‘வீட்டில் இங்கிலிஷ் கதையுங்கோ’ என்று சொல்லாதீர்கள், தெரிந்த மொழியில் நிறையக் கதைக்கும் வீடுதான் உங்களுக்கு உதவி.

கிரெடிற் கணக்கை, அதாவது டிப்ளோமாவுக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகுகளின் கணக்கை, பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் அவர்கள் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டிப்ளோமாவுக்கு 30 கிரெடிற், அதில் நாலு இங்கிலிஷ், அந்த நாலில் மூன்று வரை ஈஎஸ்எல் அல்லது ஈஎல்டி ஆக இருக்கலாம், மற்றது பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலிஷாக இருக்க வேண்டும். ஊரில் படித்ததற்குப் பள்ளி அதிபர் மதிப்பிட்டுக் கிரெடிற் கொடுக்கலாம், ஆனால் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, ஒரு வருடம் வீணாகப் போனது. எழுத்தறிவுத் தேர்வு பத்தாம் வகுப்பில் வரும், இங்கிலிஷ் போதாத பிள்ளைக்கு அதிபர் அதைத் தள்ளிப்போடலாம், உங்கள் ‘ஏ’ வகுப்பை அந்த மண்டபத்துக்குள் அனுப்ப விடாதீர்கள். பாட ஆசிரியர் யாராவது பிள்ளைக்காக எதிர்பார்ப்புகளை மாற்றியிருந்தால், ரிப்போர்ட் காட்டில் ஈஎஸ்எல் என்று இருக்கும் சின்னப் பெட்டியில் அடையாளம் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அந்தப் பின்வரிசைப் பெடியனை நாளைக்கே முன்வரிசைக்கு எடுங்கள். என் வகுப்பில் ஒருவனை மூன்று மாதம் ‘கொப்பி அடிக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் அவனுக்குப் பலகை தெரியவில்லை. ஓஹிப் காட் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை) இருந்தால் 19 வயது வரை வருடத்துக்கு ஒரு கண் பரிசோதனை இலவசம், கண்ணாடிக்குத்தான் காசு. அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்தில் மெதுவாக விசாரியுங்கள், பிள்ளைக்கு முன்னால் வேண்டாம்.